கூலிங் கிளாஸும் கோட்டும்: கேலிப்படம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது?

(விழுப்புரத்தில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "பதினெட்டாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களைப் பற்றித்தானே ஆய்வு செய்றீங்க, அதையே பேசுங்க" என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது. இலண்டனில் இருநூறு வருடத்துக்கு முன்னால் அச்சடித்த படங்களுக்கும் விழுப்புரத்துக்கும் என்ன சம்பந்தம்? அதனால் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் எங்கள் காலனிப் பையன்கள் காசு போட்டு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். நடுவில் நீலக் கோட்டில் பாபாசாகேப், கையில் புத்தகம். சுற்றி வட்டம் வட்டமாகப் பையன்களின் முகங்கள். செங்கல் சூளைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு படத்துக்காக முடி வெட்டிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகனும் அதில் இருந்தான். அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. கண்ணாடி அவனுடையது இல்லை, நண்பனிடம் இரவல் வாங்கியது.

பேனர் வைத்த மறுநாள் அதே பேனர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மீமாக வந்தது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பையனுக்கும் அம்புக்குறி போட்டிருந்தார். கண்ணாடிக்கு ஓர் அம்பு: "ஸ்காலர்ஷிப்". சட்டைக்கு ஓர் அம்பு: "கோட்டா". செல்போனுக்கு ஓர் அம்பு: "இலவசம்". கீழே சிரிக்கும் பொம்மைகள். பையன்களில் யார் என்ன படிக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், பேனரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு முழுவதும் அவர்கள் போட்டிருந்த உடுப்பின்மீது.

என் தம்பி என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "விடுக்கா." அடுத்த வருடப் பேனரில் அவன் படம் இல்லை.

அந்த மீமைப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சியைவிட, எங்கேயோ பார்த்த படம் என்ற உணர்வுதான் முதலில் வந்தது. கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. 1793இல் வெளியான ஒரு படத்தில் இதே வேலை நடந்திருக்கிறது.

1789இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. அரசனும் பிரபுக்களும் பாதிரிமார்களும் பிறப்பாலேயே மேலானவர்கள் என்ற ஏற்பாடு ஆட்டம் கண்டது. இது தூரதேசத்துச் செய்தி என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி அன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. புரட்சிக்குப் பிறகு மூண்ட போரில், 1793 ஆகஸ்ட்டில், ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் போருக்குத் துப்பாக்கிகளும் கப்பல்களும் எவ்வளவு தேவைப்பட்டனவோ, அவ்வளவு படங்களும் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் ஏழை எளியவர்களுக்கும் பிரெஞ்சுக் காற்று அடித்துவிடக் கூடாதே!

அந்தக் காலத்தில் படம் அச்சிடும் முறை இது: செப்புத் தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவுவார்கள். ஊசியால் அதில் கோடு கீறுவார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளுக்கும் கையால் தீட்டுவார்கள். இப்படி வந்த படங்களைக் கூலிக்காரர்கள் விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. ஆனால் கடைக்காரர்கள் அவற்றைக் கண்ணாடி சன்னலில் வரிசையாக ஒட்டி வைப்பார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், அதற்குக் காசு கிடையாது. அன்றைய வாட்ஸ்அப் அந்தக் கடை சன்னல்தான்.

இந்தக் கலையில் பெரிய பெயர் ஜேம்ஸ் கில்ரே. இலண்டனில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண் நடத்திய அச்சுப்படக் கடைக்காக வரைந்தவர். கோட்டின் பலத்தில் அவருக்கு இணை குறைவு. அவர் 1793 ஜனவரியில் தாமஸ் பெய்ன் என்ற எழுத்தாளரைக் கேலி செய்து ஒரு படம் போட்டார்.

பெய்ன் யார்? "மனிதனின் உரிமைகள்" என்ற நூலை 1791, 1792இல் இரண்டு பாகங்களாக எழுதியவர். பிறப்பால் வரும் அதிகாரத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்று வாதிட்டவர். அப்பா பெண்களுக்கான உள்கச்சு தைக்கும் தொழிலாளி. பெய்னும் இளமையில் அதே தொழிலைச் செய்தவர்.

கில்ரேயின் படத்தில் இங்கிலாந்து ஒரு பெண்ணாக நிற்கிறாள். பெய்ன் பின்னாலிருந்து அவள் பிருஷ்டத்தில் காலை வைத்து உதைத்தபடி கச்சின் கயிற்றை இழுக்கிறார். அவர் பையிலிருந்து தையல் அளவு நாடா தொங்குகிறது. அந்த நாடாவில் எழுதியிருப்பது அவருடைய நூலின் பெயர். பின்னால் தொங்கும் பலகையில் அவருடைய ஊர் பெயரும் தொழிலும்.

படம் பெய்னின் வாதத்தைத் தொடவே இல்லை. பரம்பரை ஆட்சி ஏன் நியாயம் என்று கில்ரே பதில் சொல்லவில்லை. "இவன் கச்சு தைக்கிறவன்" என்று மட்டும் சொல்கிறார். அவ்வளவுதான் நகைச்சுவை. தைக்கிறவனுக்கு அரசியல் சட்டம் எதற்கு? அப்பன் தொழிலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே? 1953இல் குலக்கல்வித் திட்டத்தைப் பார்த்த தமிழ்நாட்டில் இந்தக் குரலை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பெய்ன் தனி ஆள் இல்லை. 1792 ஜனவரியில் இலண்டனில் தாமஸ் ஹார்டி என்பவர், பாராளுமன்றத்தில் சாதாரண மக்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்க ஒரு சங்கம் தொடங்கினார். வாரம் ஒரு பென்னி சந்தா. ஹார்டி செருப்புத் தைப்பவர். 1794இல் அவர்மீது ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். நிரூபணமானால் தூக்கு. நடுவர்கள் அவரை விடுதலை செய்தார்கள். நீதிமன்றத்தில் முடியாததைப் படத்தில் முடிக்கப் பார்த்தார்கள். 1798இல் கில்ரே அந்தச் சங்கத்தாரை வரைந்தார்: ஒரு நிலவறைக்குள் ஒடுங்கி, பயந்து, பாதி மிருகமாகத் தெரியும் முகங்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுக்கு இன்னொரு வகைக் கேலி. பாரிஸின் உழைக்கும் மக்கள் நீளக் கால்சட்டை போடுவார்கள். முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் அரைக்காற்சட்டை கனவான்களின் உடுப்பு. அது இல்லாதவர்கள் என்பதால் இவர்களுக்கு 'சான்ஸ் குலோத்' என்று பெயர். இளக்காரமாக ஒட்டிய அந்தப் பெயரை அவர்களே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். கில்ரே என்ன செய்தார் தெரியுமா? 'அரைக்காற்சட்டை இல்லாதவர்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, கீழே துணியே இல்லாமல் வரைந்தார். அரசன் பதினாறாம் லூயியின் தலை துண்டிக்கப்பட்ட அடுத்த மாதம், 1793 பிப்ரவரியில், வெளியான படத்தில் ஒருவன் விளக்குக் கம்பத்தில் வெறும் பிருஷ்டத்தோடு உட்கார்ந்து பிடில் வாசிக்கிறான். அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்த படத்தில் ஒரு புரட்சிக் குடும்பமே மனித மாமிசம் தின்கிறது. குழந்தைகள் உட்பட.

நான் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த 1792 செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கொல்லப்பட்டார்கள். அது நடந்தது, கொடூரமாக நடந்தது. படத்துக்கு ஒரு நிஜக் காரணம் இருந்தது. கில்ரேயும் வெறும் அரண்மனை ஜால்ரா இல்லை. தன் நாட்டு அரசனையும் இளவரசனையும் கிழித்துத் தொங்கவிட்டவர். ஆனாலும் கவனியுங்கள். நம் தலைவர்கள் தப்பு செய்தால் அந்தத் தலைவரின் பெயரோடு படம் வருகிறது. ஏழைகள் தப்பு செய்தால் ஒரு வர்க்கமே நரமாமிசம் தின்கிற பிறவி என்று படம் வருகிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இதற்குப் பின்னால் காசும் இருந்தது. 1792 நவம்பரில், சொத்தையும் சுதந்திரத்தையும் குடியரசுவாதிகளிடமிருந்து காப்பாற்றுவதற்கென்று ஒரு சங்கம் இலண்டனில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் சுதந்திரத்தை அமைதியான தேவியாகவும் பிரெஞ்சுச் சுதந்திரத்தைப் பாம்பு முடிப் பிசாசாகவும் காட்டி ரோலண்ட்சன் செதுக்கிய படம் அந்த ஆண்டில் பரவியது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் பெய்னின் கொடும்பாவியை எரித்தார்கள். 1797இலிருந்து கில்ரேவுக்கு அரசாங்கத்திடமிருந்து ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை. அரசன் காசில் வாழ்பவர்கள் ஏழையின் பென்னியைக் கேலி செய்தார்கள். "ஸ்காலர்ஷிப்" என்று அம்பு போட்டவர் ஞாபகம் வருகிறாரா?

கேலி செய்யப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதி 1790இல் எழுதிய நூலில் சாதாரண மக்களைப் பன்றிக் கூட்டம் என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டார். உடனே தாமஸ் ஸ்பென்ஸ் என்ற ஏழைப் புத்தக வியாபாரி தன் மலிவு விலைப் பத்திரிகைக்கு "பன்றித் தீனி" என்ற பொருளில் பெயர் வைத்தார். டேனியல் ஐசக் ஈட்டன் என்பவர் தன் பத்திரிகைக்குப் "பன்றிக் கழுநீர்" என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இரண்டுக்கும் உள்ளே இருந்தது அரசியல் பாடம். பன்றி என்றாயா, சரி, பன்றிகள் படிக்கின்றன பார் என்றார்கள். இழிவாகச் சொன்ன பெயரை அமைப்பின் பெயராகவும் பத்திரிகையின் பெயராகவும் எடுத்துக்கொண்ட வரலாறு நமக்கும் உண்டு.

பெய்னின் புத்தகம் எரிந்துபோகவில்லை. கொடும்பாவி எரிந்து அரை நூற்றாண்டு கழித்து, 1840களின் இறுதியில், புனேயில் மாலி சாதியில் பிறந்த ஓர் இளைஞர் அதைப் படித்தார். அவர் ஜோதிராவ் பூலே. சாவித்திரிபாயும் அவரும் பெண்களுக்கும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பள்ளி நடத்தியதும், 1873இல் அவர் "குலாம்கிரி" எழுதியதும் உங்களுக்குத் தெரியும். கச்சு தைக்கிறவனுக்கு அரசியல் எதற்கு என்று இலண்டன் சிரித்த அந்தப் புத்தகம் வந்து சேர்ந்த இடம் அது.

இனி பாபாசாகேபுக்கு வருகிறேன்.

விஜயவாடாவைச் சேர்ந்த ஆய்வாளர் உன்னமதி சியாம் சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். 2019இல் நவயானா வெளியிட்டது. அவரும் ஒரு கார்ட்டூனிஸ்ட். அந்தத் தொகுப்பை ஒரே மூச்சில் புரட்டினால் வயிற்றைப் பிசையும். தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு நாள் நகைச்சுவை. சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும். மற்ற தலைவர்களைவிடச் சின்ன உருவம், அடம் பிடிக்கிற குழந்தையின் சாயல், பெண் உடுப்பில் ஒரு கேலி. கொலம்பியாவிலும் இலண்டனிலும் முனைவர் பட்டம் பெற்ற பொருளாதார அறிஞர், நாட்டின் சட்ட அமைச்சர், அந்தக் கோடுகளுக்குள் பெரிய மனிதராக வளரவே இல்லை.

அந்தப் படங்களில் ஒன்று நாடு முழுக்கத் தெரிந்தது. 1949 ஆகஸ்ட் 28இல் "சங்கர்ஸ் வீக்லி"யில் சங்கர் வரைந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சவுக்கோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு இன்னொரு சவுக்கை ஓங்கி நிற்கிறார். மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அரசியலமைப்பு தாமதமாகிறது என்பது கேலி. 2006இல் இந்தப் படம் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் உள்ளிட்ட உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். பாடநூல் ஆலோசகர்கள் சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது.

அந்த அறையை நொறுக்கியது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று "இவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை" என்று எழுதித் தள்ளிய கனவான்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. நேருவின் சவுக்கு நத்தையைத்தான் அடிக்கிறது, அம்பேத்கரை அல்ல என்று விளக்கினார்கள். இருக்கலாம். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு தலித்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு பார்ப்பனர் சவுக்கை ஓங்கி நிற்கும் படத்தில் முதலில் தெரிவது நத்தையா? பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் படமும் மாறும். இது நகைச்சுவை உணர்வு இல்லாத குறை ஆகாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது படம் சொன்ன செய்தி. தாமதம் என்பது உண்மையா? அந்தக் கேள்விக்கு அம்பேத்கரே பதில் சொல்லியிருக்கிறார். படம் வந்து மூன்று மாதம் கழித்து, 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் தொடக்கப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். அதில் அவர் கணக்குப் போடுகிறார். அமெரிக்கர்கள் நான்கு மாதத்தில் முடித்தார்கள், ஆனால் அவர்களுடையது ஏழு பிரிவுகள். கனடாவுக்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதம். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டு. நம்முடையது 395 பிரிவுகள். அந்த நாடுகளில் திருத்தங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. இங்கே 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டு, 2,473 திருத்தங்கள் சபையில் முன்வைக்கப்பட்டன. அத்தனைக்கும் எழுந்து நின்று பதில் சொன்னவர் பெரும்பாலும் இந்த ஒரு மனிதர். வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் பல காரணங்களால் வரவில்லை, பாரம் முழுவதும் அம்பேத்கர்மீது விழுந்தது என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் சபையிலேயே சொன்னார்.

நத்தைப் படத்தில் இந்த 2,473 எங்கே? வராத உறுப்பினர்கள் எங்கே? உடல்நலம் கெட்ட நிலையில் இரவு பகலாக எழுதிக்கொண்டிருந்தவரை நத்தைமேல் உட்கார வைத்தார்கள். பெய்னின் வாதம் கில்ரேயின் படத்தில் இல்லாததைப் போலவே, அம்பேத்கரின் வேலை சங்கரின் படத்தில் இல்லை.

சபையிலேயே கேலி நடந்தது. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் 'டிராஃப்டிங் கமிட்டி'யை, திசை தெரியாமல் மிதந்து போகிற 'டிரிஃப்டிங் கமிட்டி' என்றார். நவம்பர் 25 உரையில் அம்பேத்கர் இதற்கும் பதில் சொல்கிறார். வேண்டிய மீனைத் தெரிந்த நீரில் தேடுவது மிதந்து போவதாகாது, இன்னும் சிறந்ததைத் தேடுவதைக் குறையென்று சொன்னால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன் என்கிற பொருளில் பேசுகிறார். கோபப்படவில்லை, குனியவும் இல்லை. கணக்கை எடுத்து மேசைமேல் வைத்தார், கேலியைத் திருப்பிக் கொடுத்தார்.

பாடநூல் சர்ச்சையைப் பரிசீலிக்கத் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். அதில் இருந்த நம் தமிழ்நாட்டு ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் கார்ட்டூன்களை நீக்கும் முடிவை ஏற்காமல் தனியாக மாற்றுக் கருத்து எழுதினார். பார்ப்பனியத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். அவருடைய வாதத்தை விவரிக்க இங்கே நேரமில்லை. என் நிலையைச் சொல்கிறேன். அந்தப் படம் பாடநூலில் இருக்கட்டும் என்பேன். ஆனால் பக்கத்தில் நவம்பர் 25 கணக்கும் இருக்க வேண்டும். "இந்தப் படத்தில் எது விடுபட்டிருக்கிறது?" என்று கேள்வி கேட்க வேண்டும். அப்படி இல்லாமல் படத்தை மட்டும் போட்டால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலித் மாணவர்தான் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கிறார். அன்று எதிர்த்தவர்களின் கோபத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீக்குவதோடு நிறுத்திக்கொண்டதில்தான் குறை. நீக்கியதும் படமும் போயிற்று, பதிலும் போயிற்று.

உடுப்புக்குத் திரும்புகிறேன். 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்தக் காலகட்டத்தில் பா.ம.க. நிறுவனர் மருத்துவர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் அவருடைய தைலாபுரம் தோட்டம். எங்கள் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். அந்தப் பேச்சில் ஒரு கோடுகூட வரையப்படவில்லை. ஆனால் அது ஒரு கேலிப்படம். கண்ணை மூடினால் உருவம் தெரிகிறது: கால்சட்டை, கண்ணாடி, உள்ளே யாரும் இல்லை. 1793இல் உடுப்பு இல்லை என்று சிரித்தார்கள். 2012இல் உடுப்பு இருக்கிறது என்று எரிச்சல்பட்டார்கள். எது போட்டாலும் நம் உடம்பில் அது அவர்கள் கண்ணுக்குப் பொருந்தவில்லை.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கேலிப்படம் யாரையும் கொல்வதில்லை என்று சொல்வார்கள். சரிதான், படம் வீட்டுக்குத் தீ வைப்பதில்லை. ஆனால் தீ வைக்கிறவனுக்கு எதிரில் நிற்பது ஒரு மனிதன் என்று தோன்றாமல் இருக்க அது உதவி செய்கிறது. எரிந்தது ஒரு படிக்கிற பையனின் புத்தகப் பை என்று தெரிந்தால் ஊர் பேசும். எரிந்தது ஒரு கூலிங் கிளாஸ் என்றால் ஊர் சிரிக்கும்.

கடைசியாக நம்மைப் பற்றி. நாமும் மீம் போடுகிறோம். நன்றாகவே போடுகிறோம். ஆனால் எதிராளியைக் கேலி செய்ய நினைத்ததும் கை தானாக எங்கே போகிறது? கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய். பெண் தலைவராக இருந்தால் சேலை, கல்யாணம், நடத்தை. சென்ற தேர்தலில் என் தோழர்கள் பகிர்ந்த படங்களில் பாதியை என்னால் இந்த மேடையில் காட்ட முடியாது. அந்தக் கை கில்ரேயின் கை.

அப்படியென்றால் கேலியே கூடாதா? கூடும். 1789இல் பிரான்சில் பரவிய ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒரு கிழ விவசாயி குனிந்து மண்வெட்டியை ஊன்றி நிற்கிறார். அவர் முதுகில் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கத்தான் வரைந்தது. ஆனால் சிரிப்பு யாருடைய மூக்கின்மீதும் நிறத்தின்மீதும் விழவில்லை. யார் முதுகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதன்மீது விழுந்தது. பூணூலைக் கேலி செய்வதற்கும் தொந்தியைக் கேலி செய்வதற்கும் இதுதான் வித்தியாசம். பூணூல் ஓர் உரிமைப் பத்திரம்; பிறப்பால் மேலே உட்கார்ந்துகொள்வதற்கான அடையாளம். அதைக் கேள்வி கேட்கலாம், சிரிக்கலாம். தொந்தி எல்லாச் சாதியிலும் வரும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒரு கேலிப்படம் உங்கள் கைக்கு வந்தால், சிரிப்பதற்கு முன்னாலோ கோபப்படுவதற்கு முன்னாலோ மூன்றே கேள்வி கேளுங்கள். சிரிப்பு எதன்மீது விழுகிறது: செயல்மீதா, உடம்பு உடுப்பு தொழில் மீதா? அந்த ஆள் சொன்ன வாதம் படத்தில் எங்காவது இருக்கிறதா? வரைந்தவர் யார் முதுகில் உட்கார்ந்துகொண்டு வரைகிறார்? நாம் அனுப்பப்போகிற படத்துக்கும் இதே மூன்று கேள்விதான். நம்மைக் கேலி செய்து வருகிற படங்களை அழித்துவிடாதீர்கள். தேதி போட்டு ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். சியாம் சுந்தர் சேர்த்ததால்தான் தனித்தனி ஜோக்குகளாகத் தெரிந்தவை ஒரு வரலாறாகத் தெரிந்தன.

என் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இந்த வருடம் பேனர் வடிவமைக்கிற வேலையை அவனும் நானும் எடுத்துக்கொண்டோம். எல்லாப் பையன்களின் படமும் உண்டு. அவன் படமும் உண்டு, கண்ணாடியோடு. இந்த முறை சொந்தக் கண்ணாடி. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் என்ன படிப்பு, என்ன வேலை என்று எழுதினோம். பாபாசாகேப் படத்துக்குக் கீழே வழக்கமான வாசகங்கள் எதுவும் போடாமல், பெரிய எழுத்தில் "2,473" என்று மட்டும் போட்டோம்.

திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி இது, செல் நம்பரா? பாதிதான் இருக்குது."

என் தம்பி அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருக்கு விளக்கிச் சொன்னான். கால் மணி நேரம் ஆயிற்று. பேனர் வைத்த மூன்று நாளும் அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று, இது என்ன கணக்கு என்று பையன்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.